இருபது அடி உள்ளே வந்த கேட்

எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவைக் காணவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒன்றிரண்டு பேர் காணாமல் போவது சகஜம். கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்த்தால் கிடைத்துவிடுவார்கள். ஆனால் நாற்பத்தொரு பேர், பெஞ்சின் மேல் பைகளை மட்டும் விட்டுவிட்டு, வகுப்போடு காணாமல் போவது பொறுப்புத் தலைமை ஆசிரியரின் முப்பது வருட சர்வீசில் நடந்ததில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் யார் எங்கே இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். வருடா வருடம் கால அட்டவணை போடுவது அவர்தான். அதனால் மாணவர்கள் அவருக்கு அட்டவணை என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். வருத்தமில்லை. முன்பு இருந்தவருக்கு வைத்த பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது.

அட்டவணை நேரே கேட்டுக்குப் போனார்.

“எட்டு பி எங்கப்பா?”

வாட்ச்மேன் சாலையின் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். “பஸ் ஸ்டாப்ல இருக்காங்க சார்.”

“பஸ் ஸ்டாப்லயா? எதுக்கு?”

“பாடம் நடக்குது சார். லேப் அக்கா கூட்டிட்டுப் போனாங்க. நான்தான் ரெண்டு பக்கமும் பாத்து ரோட்டைத் தாண்ட வெச்சேன்.”

எதிரே டயர் கடைக்குப் பக்கத்தில் பஸ் நிழற்குடை. அதற்குள் பாதி வகுப்பு, வெளியே பாதி வகுப்பு. நடுவில் லேப் அக்கா நின்றுகொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் மொழியில் எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாகச் சோதனைச் சாலையில் குழாய்களைக் கழுவி அடுக்கும் பெண்மணி. ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் யாரும் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. அவருடைய குரல் இங்கே சாலையின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அதைவிட ஆச்சரியம், நாற்பத்தொரு பேரும் அடங்கி ஒடுங்கிக் கவனித்தார்கள்.

அந்த வருடம் புது உத்தரவு வந்திருந்தது. மண்ணின் மூத்த மொழியும் பண்பாடும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடம், வாரம் இரண்டு பீரியட். இந்த ஊர் ஊராக ஆவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள் மேட்டுக்காரர்கள். இப்போது நாலைந்து தெருவுக்குள் அடங்கிவிட்டார்கள். அவர்களுடைய மொழிக்குத்தான் அந்த இரண்டு பீரியட்.

ஆசிரியர் அறையில் ஒரு வாரம் இதே பேச்சு.

“இதைப் படிச்சிட்டு எந்த இன்டர்வியூல போய்ப் பேசப் போறாங்க?” என்றார் இயற்பியல் ஆசிரியர்.

“நாம தினமும் சொல்ற தெருப் பேரு, ஏரிப் பேரு எல்லாம் அவங்க வெச்சது. என்ன அர்த்தம்னே தெரியாம சொல்லிட்டிருக்கோம். பிள்ளைங்களாவது தெரிஞ்சுக்கட்டுமே” என்றார் ஓவிய ஆசிரியை.

“ஆசைப்படறவங்க தெரிஞ்சுக்கட்டும் டீச்சர். கட்டாயம் எதுக்கு?”

“உங்க பிசிக்ஸை மட்டும் பிள்ளைங்க ஆசைப்பட்டா படிக்கிறாங்க?”

அட்டவணை இந்த வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. கட்டாயமாக்கியது சரியா தப்பா என்பது பெரிய இடத்துச் சமாசாரம். எந்த பீரியடைப் பிடுங்கி இதற்குக் கொடுப்பது என்பதுதான் அவர் கவலை. விளையாட்டிலிருந்து ஒன்று, நூலகத்திலிருந்து ஒன்று எடுத்தார். விளையாட்டு ஆசிரியர் அன்றிலிருந்து வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அடுத்து ஆசிரியர் வேண்டும். பட்டம் தேவையில்லை, சரளமாகப் பேசத் தெரிந்தால் போதும் என்று உத்தரவிலேயே இருந்தது. லேப் அக்கா மாலையில் கேட்டுக்கு வெளியே நின்று போனில் தன் அக்காவோடு மேட்டு மொழியில் பேசுவதை அட்டவணை பார்த்திருந்தார். கூப்பிட்டுக் கேட்டார். “சொல்லித் தரேங்க சார்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் அட்டவணை நினைத்தார்.

இப்போது லேப் அக்காவைத் தன் அறைக்கு அழைத்து உட்கார வைத்தார்.

“என்னம்மா, நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க. ஆனா வகுப்புல வெச்சு சொல்லித் தரலாமே?”

லேப் அக்கா தரையைப் பார்த்தார். “உள்ள பேசக்கூடாதுங்க சார்.”

ஏன் என்று கேட்கத்தான் அட்டவணை வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். உத்தரவோடு ஒரு வழிகாட்டிக் கையேடும் வந்திருந்தது. ஏழாம் பக்கத்தில், ‘அம்மக்களின் வழக்கங்களுக்குக் காரணம் கேட்பது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். கேட்காமல் மதித்து நடக்கவும்’ என்று போட்டிருந்தது. அட்டவணை அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

“புரியுதும்மா” என்றார், ஒன்றும் புரியாமல்.

இதில் அவருக்குப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவர் அறை வாசலில் ‘தலைமை ஆசிரியர் (பொறுப்பு)’ என்ற பலகை ஆறு வருடமாகத் தொங்கியது. அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த ஒரு வார்த்தை தூக்கத்தில்கூட அவரை உறுத்தியது. பருவ முடிவில் கல்வி அதிகாரி வந்து இந்தப் புதுப் பாடத்தை நேரில் பார்ப்பார். திருப்தியாக இருந்தால் பதவி நிரந்தரம். இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்காருவார், அட்டவணை பழையபடி கணக்கு வாத்தியார். அதிகாரியை பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்துப் பாடம் காட்ட முடியுமா?

ஓவிய ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். “அவங்க வெட்டவெளியில வாழ்ந்தவங்க சார். நாலு சுவத்துக்குள்ள வார்த்தை வராது போல. மைதானத்து மரத்தடியில வெச்சுப் பாருங்க.”

நியாயமாகப் பட்டது. வியாழக்கிழமை மரத்தடியில் பெஞ்சு போட்டார்கள். இயற்பியல் ஆசிரியர் தன் பங்குக்கு, எல்லாரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் நல்லது என்றார். ஏன் கிழக்கு என்று அவரையும் யாரும் கேட்கவில்லை. லேப் அக்கா வந்தார். பிள்ளைகளைப் பார்த்துப் புன்னகை செய்தார். சிறு கரும்பலகையில் படம் வரைந்து காட்டினார். வாயை மட்டும் திறக்கவில்லை. சூரியன் நேரே கண்ணில் அடித்ததில் இரண்டு பெண்களுக்குத் தலைவலி வந்தது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பந்தாட்டத்தில் ஒரு பந்து கரும்பலகையை உடைத்தது. விளையாட்டு ஆசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை.

“மரத்தடிதானேம்மா, திறந்த வெளிதானே?” என்றார் அட்டவணை கெஞ்சலாக.

“ஆமாங்க சார். ஆனா இங்கயும் பேசக்கூடாதுங்க.”

ஓவிய ஆசிரியைக்கு அன்று மதியமே இன்னொன்று தோன்றிவிட்டது. மேட்டுக்காரர்கள் ஆற்றங்கரையில் இருந்தவர்கள். ஓடும் தண்ணீரின் சத்தம் இருந்தால்தான் பேச்சு வரும். சாலையில் வண்டிகள் ஓடும் சத்தம் அவர்களுக்கு ஆறு மாதிரி கேட்கிறதோ என்னவோ. அட்டவணை மொட்டை மாடியில் வகுப்பு வைத்து, ஓரத்தில் ஒரு குழாயைத் திறந்துவிடச் சொன்னார். லேப் அக்கா மாடி ஏறி வந்தார். குழாயைப் பார்த்தார். தண்ணீர் வீணாகிறதே என்று போய் மூடினார். வாட்ச்மேன் திறந்தார். அவர் மூடினார். மூன்றாவது முறை குழாயின் திருகு கையோடு வந்துவிட்டது. தண்ணீர் மாடியை நிரப்பி, படிக்கட்டில் இறங்கி, ஆசிரியர் அறையில் திருத்தி வைத்திருந்த ஏழாம் வகுப்பு விடைத்தாள்களை நனைத்தது. ஏழாம் வகுப்புக்கு மறு தேர்வு என்று அறிவித்ததும், மொழியைப் பற்றி இதுவரை எந்த அபிப்பிராயமும் இல்லாதிருந்த ஏழாம் வகுப்பு அதற்கு எதிராகத் திரும்பியது.

வீட்டில் அட்டவணையின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏங்க, அந்தம்மாகிட்டயே ஏன்னு ஒரு வார்த்தை கேட்டுத் தொலையலாமில்ல?”

“கேக்கக்கூடாதுன்னு கையேட்டுல போட்டிருக்கு.”

“அந்தக் கையேட்டை எழுதினவர் மேட்டுக்காரரா?”

அட்டவணை கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். எழுதியவர்கள் என்று பதினோரு பேர் பெயர் இருந்தது. பட்டங்கள் பெயர்களைவிட நீளமாக இருந்தன.

“பெரிய பெரிய ஆளுங்கம்மா” என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

சரி, பஸ் ஸ்டாப்பிலேயே நடக்கட்டும், ஆனால் முறைப்படி நடக்கட்டும் என்று முடிவு செய்து, நிழற்குடையைப் பயன்படுத்த அனுமதி கேட்டுப் பஸ் டிப்போவுக்குக் கடிதம் எழுதினார். அதுவரை யாரும் கண்டுகொள்ளாமல் இருந்த விஷயத்தை எழுதிக் கேட்டதுதான் தப்பு. நிழற்குடை பயணிகளுக்கு மட்டுமே, அங்கே நிற்பவர்கள் பயணிகளாகவே கருதப்படுவார்கள் என்று பதில் வந்தது. அதன் நகல் கண்டக்டர்களுக்கும் போனது. செவ்வாய்க்கிழமை ஒரு புதுக் கண்டக்டர் அதைச் சிரமேற்கொண்டு, எட்டு பி முழுவதையும் லேப் அக்காவோடு சேர்த்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். விளையாட்டு ஆசிரியர் ஸ்கூட்டரில் துரத்தி, நாலாவது ஸ்டாப்பில் பிடித்து, எல்லாரையும் வரிசையாக நடத்திக் கூட்டி வந்தார். போகும்போது முப்பது வரை எண்ணத் தெரிந்தவர்கள், திரும்பும்போது நூறு வரை எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

அன்று மாலை ஒரு தந்தை வந்தார். பல் டாக்டர்.

“பையன் ஸ்கூல்ல இருக்கான்னு நிம்மதியா ஒருத்தருக்குப் பல்லைப் புடுங்கிட்டிருக்கேன். ஜன்னல்ல பாத்தா என் கிளினிக் வாசல்ல எண்ணிட்டே போறான். இதுக்குத்தான் கட்டாயப் பாடமா சார்? அடுத்த மீட்டிங்ல எல்லா பேரன்ட்ஸும் சேந்து எழுதிக் குடுக்கப் போறோம்.”

அட்டவணை அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அதிகாரி வருவதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் அவர் கூர்ந்து கவனித்தார். லேப் அக்கா வேலை முடிந்து கிளம்பினார். போன் அடித்தது. நடந்துகொண்டே எடுத்து, “இரு இரு” என்று ஊரில் எல்லாரும் பேசும் பொது மொழியில் சொன்னார். ஒரு கால் கேட்டைத் தாண்டியது. அப்போதும் பேச்சில்லை. இரண்டாவது காலும் வெளியே போனதுதான் தாமதம், மேட்டு மொழியில் கடகடவென்று ஆரம்பித்துவிட்டார். அட்டவணை ஜன்னலை விட்டு நகராமல் நின்றார். மரமுமில்லை, தண்ணீருமில்லை, கிழக்குமில்லை. கேட்தான் விஷயம்.

“வாசல்படிக்கு அவங்க அவ்வளவு மரியாதை குடுக்கறாங்க சார்” என்று ஓவிய ஆசிரியை நெகிழ்ந்தார். “வீட்டுக்குள்ளயும் இப்படித்தான் இருப்பாங்களோ என்னவோ.”

இயற்பியல் ஆசிரியர்கூட “இருக்கும், இருக்கும்” என்றார்.

வகுப்பைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அப்படியானால் கேட்டை உள்ளே கொண்டுவர வேண்டும். அட்டவணைக்கு இந்தக் கணக்கு போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாளே வெல்டிங் கடைக்காரர் வந்தார்.

“நல்ல கேட்டாச்சே சார், எதுக்குப் பேத்து இருபதடி உள்ள வைக்கணும்?”

“பண்பாடு” என்றார் அட்டவணை.

வெல்டிங் கடைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. தூண்களைப் பெயர்த்து இருபது அடி உள்ளே தள்ளிக் கேட்டை நிறுத்தினார். சைக்கிள் ஷெட் இப்போது கேட்டுக்கு வெளியே இருந்தது. சைக்கிள்களை ஓரம் கட்டி, பெஞ்சு போட்டு, எட்டு பியை உட்கார வைத்தார்கள். லேப் அக்கா புதுக் கேட்டைத் தாண்டி வந்தார். பழைய தூண் இருந்த இடத்தைப் பார்த்தார், புதுத் தூணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி மேட்டு மொழியில் வணக்கம் சொன்னார்.

அட்டவணைக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடு தன் அறைக்குத் திரும்பியவர் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். அவர் அறையும் சைக்கிள் ஷெட்டை ஒட்டித்தான் இருந்தது. அதாவது அதுவும் வெளியே. மணி அடிக்கும் இடம் மட்டும் உள்ளே. வகுப்புகளைப் பார்வையிடக் கிளம்பினால் வாட்ச்மேன் ஒரு நோட்டை நீட்டினார்.

“வெளியேர்ந்து யார் வந்தாலும் கையெழுத்துன்னு நீங்கதான் சார் ரூல் போட்டீங்க.”

அட்டவணை தன் பெயரை எழுதினார். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் ‘தலைமை தாங்க’ என்று எழுதினார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை எழுத வேண்டியிருந்தது. சைக்கிள் நிறுத்தும் இடம் பள்ளிக்கு வெளியே இருப்பதால் அங்கே சீருடை விதி செல்லாது என்று ஏழாம் வகுப்பு வாதாடியது. டயர் கடைக்காரர், வெளியே இருக்கும் இடம்தானே என்று நாலு லாரி டயரைக் கொண்டுவந்து அடுக்கினார். விரட்டப் போன அட்டவணையிடம் அவர் மேட்டு மொழியில் ஏதோ சொன்னார்.

“என்னய்யா சொல்றே?”

“அஞ்சு நிமிஷம் பொறுங்கன்னு சொன்னேன் சார். எதுத்தாப்புலயே நின்னு கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துடுச்சு.”

ஆனால் பாடம் நடந்தது. அதில் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் உறவுமுறை படித்தார்கள், ஏரியின் பெயருக்கு அர்த்தம் படித்தார்கள், கோபப்படாமல் மறுப்பது எப்படி என்று படித்தார்கள். அதற்கு அந்த மொழியில் ஆறு விதம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டவணையும் நாலு விதம் கற்றுக்கொண்டார். கட்டாயப் பாடம் சரியா தப்பா என்று யாராவது இப்போது கேட்டிருந்தால் அவர் சரி என்றே சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

பல் டாக்டர் மறுபடி வந்தார். வாட்ச்மேன் அவரிடம் நோட்டை நீட்டவில்லை. அவர் பார்க்க வந்தவரே வெளியில்தான் இருந்தார்.

“எங்க கிளினிக்குக்கு ஒரு மேட்டுக்காரப் பெரியவர் வருவார் சார். வந்து உக்காருவார், பயத்துல வாயைத் திறக்காமலே எழுந்து போயிடுவார். நேத்து என் பையன் பக்கத்துல போய் நின்னு அவர் பாஷையில ஏதோ சொன்னான். பெரியவர் சிரிச்சிட்டார். சிரிக்கிறப்போ உள்ள எட்டிப் பாத்துட்டேன். நாலு பல்லு போயிருக்கு.” கொஞ்சம் தயங்கினார். “அந்த எழுதிக் குடுக்கற விஷயம் இருக்கட்டும் சார். இப்போ வேணாம்.”

அதிகாரி வந்த நாளில் எட்டு பி பிரமாதமாகச் செய்தது. ஒரு பெண், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மேட்டு மொழியில் சொன்னாள். அதிகாரிக்குப் புரியாவிட்டாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பக்கத்தில் அவருடைய டைப்பிஸ்ட் அம்மா, முழங்காலில் நோட்டை வைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பாடம் முடிந்து பிள்ளைகள் உள்ளே போனார்கள். லேப் அக்கா மட்டும் பெஞ்சுகளை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரி, கேட் ஏன் இவ்வளவு உள்ள இருக்கு?” என்றார் அதிகாரி.

அட்டவணை இந்தக் கேள்விக்காகவே பன்னிரண்டு நாளாகத் தயாராகிக்கொண்டிருந்தார். மேட்டு மொழி வாசலுக்கு வெளியே மட்டுமே பேசப்பட வேண்டிய மொழி என்பதை விளக்கினார். வழக்கத்தைக் கேள்வி கேட்காமல் மதித்ததை விளக்கினார். கையேட்டின் ஏழாம் பக்கத்தைத் திறந்து சிவப்புக் கோட்டையும் காட்டினார்.

அதிகாரி அசந்துபோனார். “முப்பது ஸ்கூல் பாத்துட்டேன் சார். கையேட்டைப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான்.” பிறகு டைப்பிஸ்ட் அம்மா பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்கம்மா. எல்லாப் பள்ளிகளும் ஒரு மாசத்துக்குள்ள தங்கள் கேட்டை இருபதடி உள்ள தள்ளி வைக்கணும். இந்தப் பள்ளியே முன்மாதிரி. இன்னொண்ணு, சாரோட நிரந்தர ஆர்டரை இன்னிக்கே டைப் பண்ணிடுங்க.”

அட்டவணைக்கு உலகமே அழகாகத் தெரிந்தது. டயர்கள்கூட அழகாக இருந்தன. அடைப்புக்குறியை நாளைக் காலையில் அழிப்பதா, இன்றே அழிப்பதா என்று யோசித்தார்.

டைப்பிஸ்ட் அம்மா எழுதி முடித்தும் நோட்டிலிருந்து பேனாவை எடுக்காமல் இருந்தார். “சார், சர்க்குலர்ல காரணம்னு ஒரு பத்தி போடணுமே. வாசலுக்கு வெளிய மட்டும் பேசறது ஏன்னு எழுதறது?”

“அதெல்லாம் கேக்கக்கூடாதும்மா” என்றார்கள் அதிகாரியும் அட்டவணையும் ஒரே நேரத்தில்.

டைப்பிஸ்ட் அம்மா கையேட்டைப் படித்ததில்லை. அவர் தலையை மட்டும் திருப்பி, “ஏங்க அக்கா, உள்ள ஏன் பேசறதில்ல?” என்று கேட்டுவிட்டார்.

லேப் அக்கா பெஞ்சைக் கீழே வைத்தார். இதைக் கேட்க இத்தனை பேருக்கு இவ்வளவு நாள் ஆனதே என்ற ஆச்சரியம் அவர் முகத்தில் இருந்தது.

“நான் இங்க நாலாங்கிளாஸ் படிக்கிறப்போ, கேட்டுக்குள்ள எங்க பாஷை ஒரு வார்த்தை காதுல விழுந்தாலும் தோலை உரிச்சிடுவேன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாருங்க, அதுக்கப்புறம் எத்தனையோ ஹெட்மாஸ்டர் வந்தாச்சு, பேசலாம்னு இன்னும் ஒருத்தரும் சொல்லலையே.”